வித்தவுட் சாயாவும் ஒரு தட்டு மரச்சீனியும்

தமிழக–கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் சாயாக்கடைக்காரரிடம் "ஒரு வித்தவுட்" என்றால் போதும். சீனி போடாத சாயா வந்துவிடும். வெள்ளறடையிலிருந்து களியக்காவிளை வரை, பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் ஒரே மாதிரி கேட்டு வாங்கும் சாயா அது. கேட்பவர்களில் பலர் சுகர்காரர்கள். சீனியை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு குடிக்கிறார்கள். கூடவே ஒரு பழம்பொரி. மதியம் வீட்டில் சம்பா அரிசிச் சோறு, சாயங்காலம் மரச்சீனியும் (மரவள்ளி) மீன்கறியும், இராத்திரி பரோட்டா, படுக்கும் முன் ஒரு ஏத்தம்பழம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாயாவில் விட்ட இரண்டு கரண்டி சீனி ஏறத்தாழ 10 கிராம். நூறு கிராம் மரச்சீனிக் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம் அளவில் இருக்கிறது. புரதம் ஒன்றரைக் கிராம் கூட இல்லை. முந்நூறு கிராம் கிழங்கை ஒரு தட்டில் வைத்தால் அது பெரிய தட்டு என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். அதில் இருப்பது நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து. குடலுக்குள் போனதும் அதில் பெரும்பங்கு குளுக்கோஸாகத்தான் இரத்தத்துக்கு வருகிறது. காலையில் 10 கிராமை விலக்கிவிட்டு மாலையில் அதைப் போலப் பத்து மடங்கை உள்ளே அனுப்புகிறோம்.

சாப்பிடுகிறவரின் மன உறுதி குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. மருத்துவமனை வராந்தாக்களில் தினமும் அந்தக் குற்றச்சாட்டு ஒலிக்கிறது. சர்க்கரை நோயை உணவாலும் நடையாலும் கட்டுக்குள் வைப்பது தனி ஒருவரின் வைராக்கியத்தை நம்பி நடக்கிற காரியம் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருவரின் தட்டில் என்ன விழும் என்பதை அவருடைய வீடு, சந்தை, ரேஷன் கடை, கோயில் திருவிழா, கல்யாணப் பந்தி எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. ஆகவே அதை மாற்றுகிற வேலையும் ஊர் கூடிச் செய்ய வேண்டியது. வெறும் ஆசையில் சொல்வதல்ல. இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் அது ஒருமுறை முறையாகச் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவு உலக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகச் சிலர்.

முதலில் நிலவரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரைச் சோதித்த ஆய்வு அது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. கேரளத்தில் 25.5. கோவா, புதுச்சேரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே அதிகம். வயதுவந்த நாலு பேரில் ஒருவர். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பக்கத்து விளவங்கோடு வட்டம் தமிழகத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் அடுப்பங்கரைகளை எந்தக் கோடும் பிரிக்கவில்லை. கோட்டுக்கு இரு பக்கமும் அதே சம்பாச் சோறு, அதே புட்டு, அதே மரச்சீனி. மாநிலக் கணக்கு வேறாக எழுதப்பட்டாலும் பனச்சமூட்டுத் தட்டு கேரளத் தட்டுதான்.

இனி அந்த ஆய்வு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஆர். தங்கப்பனும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரையன் ஓல்டன்பர்க்கும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய 'கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' அது. களமாக அவர்கள் எடுத்துக்கொண்டது நெய்யாற்றின்கரை வட்டம். வாக்குச்சாவடிப் பகுதிகளையே அலகாக வைத்து 60 பகுதிகளைப் பிரித்தார்கள். சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு அதிகமுள்ள, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முப்பது பகுதிகளில் இருந்தவர்களுக்கு ஒரு கையேடு மட்டும். மற்ற முப்பது பகுதிகளில் இருந்த 500 பேர் அந்தந்த அக்கம்பக்கத்திலேயே குழுக்களாகச் சேர்ந்தார்கள்.

குழுவை நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, உணவியல் நிபுணர்களும் அல்ல. பயிற்சி பெற்ற அதே ஊர்க்காரர்கள். ஒரு வருடத்தில் 15 கூட்டங்கள். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம், புகையிலையையும் குடியையும் எப்படிக் குறைப்பது என்று பேசி, ஆளுக்கொரு சிறு இலக்கு வைத்து, அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று கேட்டுக்கொள்வார்கள். கூட்டத்துக்கு வெளியேயும் வேலை இருந்தது. வீட்டுக் காய்கறித் தோட்டம், சேர்ந்து நடக்கும் குழுக்கள், யோகா வகுப்புகள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார் என்பதற்காகவே ஒருவர் ஒரு கரண்டி சோற்றைக் குறைப்பார் என்பதை எல்லைக் கிராமத்தில் வாழ்ந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

முடிவு 2018 ஜூனில் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளிவந்தது. அதை உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டு வருடம் கழித்து, கையேடு மட்டும் பெற்றவர்களில் 17.1 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. குழுவில் இருந்தவர்களில் 14.9. குறைவுதான், ஆனால் தற்செயலாகக்கூட இவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று புள்ளியியல் சொல்லும் அளவுக்குச் சிறியது. ஆகவே இத்திட்டம் நோயைத் தடுத்துவிட்டது என்று யாரும் மார்தட்ட முடியாது. ஆய்வாளர்களும் தட்டவில்லை. வேறு சில விஷயங்களில் மாற்றம் தெளிவாகவே தெரிந்தது. குழுவினர் காய்கனிகளைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். குடி குறைந்தது. நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண் இறங்கியது. உடல் இயக்கத் திறன் மேம்பட்டது.

தோல்வி என்று ஒதுக்கிவைக்கக்கூடிய முடிவா இது? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அங்கே சேர்க்கப்பட்ட 531 பேரும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சோதனையில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தவர்கள். எதுவும் செய்யாதவர்களில் மூன்று வருடத்தில் 55 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5, அதாவது மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதே மாத்திரைக்குச் சமமாக நின்றது.

நெய்யாற்றின்கரைக் குழுக்களில் சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களும் கலந்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் நோய் வரும் சாத்தியம் குறைந்தவர்களிடம் தடுத்த பலனை எப்படி அளப்பது? எனவே இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. யாருக்கு இரத்தத்தில் மாற்றம் தொடங்கிவிட்டது என்று சோதித்துக் கண்டுபிடி, அவர்களை முதலில் குழுவாக்கு என்றுதான் அவை சேர்ந்து சொல்கின்றன. வெறும் வயிற்றுச் சோதனை ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு 'எல்லாம் சரி' என்று அனுப்பினால் இவர்களில் பலர் கண்ணில் படவே மாட்டார்கள்.

தட்டுக்கு வருவோம். இங்கேதான் தவறான ஆலோசனைகள் குவிந்துகிடக்கின்றன.

மரச்சீனி இந்த மண்ணின் குற்றவாளி அல்ல. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார் என்பது ஊரறிந்த வரலாறு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைப் பிடித்துவைத்தது இந்தக் கிழங்கு. பின்னாளில் கேரளத்து இளைஞர்களிடம் கணையத்தில் கல் உண்டாகி வரும் ஒரு தனிவகைச் சர்க்கரை நோய் பரவலாகக் காணப்பட்டது. டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் போன்றோர் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். மரச்சீனியில் உள்ள சயனைடு நச்சுதான் காரணம் என்ற சந்தேகம் பல ஆண்டுகள் நீடித்தது. அடுத்து வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மரபணுக் காரணங்களே முன்னுக்கு வந்தன. வயலில் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்கு ஒரு தட்டு மரச்சீனி எரிபொருள். கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவருக்கும் வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டில் ஓய்வெடுப்பவருக்கும் அதே தட்டு அதே அளவில் வைக்கப்படுவதுதான் சிக்கல்.

அரிசியிலும் அதேதான். 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்போருக்கும் 150 கிராமுக்குக் குறைவாக உண்போருக்கும் இடையில், நோய் வரும் வாய்ப்பு உலக அளவில் 20 விழுக்காடு கூடுதல். தெற்காசியாவில் மட்டும் அது 61 விழுக்காடு. நம் உடல்வாகும் நம் தட்டில் சோற்றின் பங்கும் சேர்ந்து கொடுக்கும் விலை அது.

அப்படியானால் கோதுமைக்கு மாறிவிடலாமே? இராத்திரி நாலு சப்பாத்தி சாப்பிடும் வழக்கம் எல்லைக் கிராமங்களில் வேரூன்றியாயிற்று. சம்பா அரிசிதானே, தவிடு இருக்கிறதே என்ற சமாதானமும் உண்டு. சிறுதானியம், ஓட்ஸ் என்று கடைகளில் தனி அலமாரியே வந்துவிட்டது. 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த இந்திய உணவு ஆய்வு இதற்கு நேரான பதிலைக் கொடுத்திருக்கிறது. இந்தியர்கள் தங்கள் ஆற்றலில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள். வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டாலும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவர்களிடம் நோய் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பயறு, பருப்பு, பால் போன்ற புரதங்களால் ஈடுசெய்தவர்களிடம் குறைந்திருந்தது. தானியத்தின் பெயரை மாற்றியது போதவில்லை; அளவு குறைந்த இடத்தில்தான் பலன்.

கருப்பட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனை வளர்ந்த குமரி மண்ணில் கருப்பட்டிக் காப்பி பெருமைக்குரியது. சீனியை விடச் சில தாதுக்கள் அதில் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சுகர்காரர் கருப்பட்டிக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்கிறவர் அவருக்கு நன்மை செய்யவில்லை.

பனச்சமூடு போன்ற சந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவர்கள் சர்க்கரை நோய்க்கு விலையுயர்ந்த தனி உணவு வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் மனத்துக்கு ஆறுதலான விஷயம். வாழைக்கூம்பு, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, பயத்தங்காய், வழுதனங்காய், தடியங்காய், வெள்ளரிக்காய் எல்லாம் இந்தப் பக்கத்துச் சமையலில் தலைமுறைகளாக இருப்பவை. துவரனும் அவியலும் தீயலும் பிறந்த அடுக்களைகள் இவை. கடலோரக் கிராமங்களிலிருந்து வரும் சாளையும் அயிலையும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருகின்றன. சிறுபயற்றில் நூறு கிராமுக்கு 24 கிராம். கஞ்சியும் பயறும் என்ற பழைய கூட்டு இன்றைய உணவியல் கணக்கில்கூடப் பாதிச் சரிதான். கஞ்சியைப் பாதியாக்கிப் பயற்றை இருமடங்காக்கினால் முழுச் சரி. புட்டுக்குப் பழமும் சீனியும் பிசைவதை விட்டுக் கடலைக்கறி வைத்துக்கொள்ளலாம், ஒரு குற்றியைப் பாதிக் குற்றியாக்கிக்கொண்டு. மரச்சீனியை அறவே விட வேண்டியதில்லை. சோறு தின்ற நாளில் மரச்சீனி வேண்டாம். மரச்சீனி வைத்த நாளில் நாலைந்து துண்டும் நிறைய மீனும், சோறு இல்லை. ஒரே நாளில் சோறும் கிழங்கும் ஏத்தம்பழமும் பரோட்டாவும் வந்து சேர்வதுதான் கெடுதல்.

சக்கை விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கேரளம் 2018இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலா இன்றும் போற்றப்படுகிறது. பலா இந்த மண்ணுக்குச் சொந்தம். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 40 நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில், தினமும் 30 கிராம் பச்சைச் சக்கை மாவை அரிசி, கோதுமைக்குப் பதிலாக 12 வாரம் சேர்த்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கியது. நல்ல தொடக்கம். நாற்பது பேரை வைத்து ஊருக்கே மருந்து என்று விளம்பரம் செய்வது அதிகப்படி. இடிச்சக்கைத் துவரன் காய்கறியாகவே கணக்கு. முற்றிய காய் கிழங்குக்கு நெருக்கம். பழுத்த வருக்கைச் சுளை இனிப்பு. மூன்றையும் 'சக்கை நல்லது' என்ற ஒரே வரியில் அடைத்துவிட முடியாது.

சாப்பிடும் முறையிலும் செலவில்லாத ஒரு மாற்றம் உண்டு. முதலில் காய்கறியையும் மீனையோ பயற்றையோ சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் அதே பலன். இரண்டும் வீட்டிலேயே பழகக்கூடியவை.

வீட்டில் இதெல்லாம் நடக்கும். வீட்டுக்கு வெளியே? ஒரு கல்யாணப் பந்தியில் பருப்பு, சாம்பார், புளிசேரி என்று மூன்று சுற்றுச் சோறு விழுகிறது. பிறகு அடைப் பிரதமன், பால் பாயசம், போளி. பழத்தையும் பப்படத்தையும் பாயசத்தோடு பிசைந்து சாப்பிடாவிட்டால் விருந்து கொடுத்தவருக்கு வருத்தம். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று இலையில் ஊற்றுகிறவர் அன்பினால்தான் ஊற்றுகிறார். மாசி முதல் வைகாசி வரை திருவிழாவும் கல்யாணமும் பால் காய்ச்சும் வீட்டு விசேஷமும் தொடர்ந்து வரும்போது அந்த ஒரு நாள் எத்தனை முறை வருகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. தனி ஆள் இந்த அன்பை மறுத்தால் திமிர் பிடித்தவராகிவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து 'ஒரு சுற்றுச் சோறு, ஒரு பாயசம்' என்று முடிவெடுத்தால் அது ஊர் வழக்கமாகிவிடும். கோயில் கமிட்டியும் சர்ச் கமிட்டியும் ஜமாஅத்தும் அறிவித்தால் ஒரே சீசனில் மாற்ற முடிகிற பழக்கம் இது.

உடல் உழைப்பின் கதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. வயல்கள் சுருங்கி ரப்பரும் வாழையும் பெருகிய பகுதி இது. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்னே கிளம்பி மேட்டிலும் சரிவிலும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வருகிறார். அவருக்கு நடைப்பயிற்சி பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் தகுதி இல்லை. அவருக்கு வேறொரு ஆபத்து உண்டு. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே சீனித் தண்ணீரோ மிட்டாயோ வாயில் போட வேண்டும். வேலை நேரத்தை டாக்டரிடம் சொல்லி மருந்து நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது அவருக்கு எந்த உணவுப் பட்டியலையும் விட முக்கியம். காலில் செருப்பில்லாமல் தோட்டத்தில் நடப்பதும் அவருக்குக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தியதே தெரியாமல் புண் பழுக்கும்.

வீட்டுப் பெண்களின் நிலைமை வேறு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தாலும் இதயம் வேகமெடுக்கும் நடை அதில் குறைவு. வாரம் 150 நிமிடம் வேக நடை என்று ஆலோசனை வருகிறது. எங்கே நடப்பது? நடைபாதை இல்லாத குறுகலான மலைப்பாதையில் தடிலாரிகளும் பேருந்துகளும் உரசிக்கொண்டு போகின்றன. தனியாக நடக்கும் பெண்ணை ஊர் ஒரு பார்வை பார்க்கும். ஆறு பேர் சேர்ந்து நடந்தால் அந்தப் பார்வை மாறிவிடும். நெய்யாற்றின்கரைத் திட்டத்தில் நடைக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டதற்கு இப்படி ஒரு பயனும் உண்டு. பள்ளி மைதானங்களை மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை ஊராருக்குத் திறந்துவிட உள்ளாட்சி ஒரு தீர்மானம் போட்டால் போதும். அதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம்.

உணவே மருந்து என்று மாத்திரையை வீசிவிடச் சொல்லும் குரல்களை இங்கே உறுதியாக மறுத்தாக வேண்டும். சர்க்கரை நோய் பின்வாங்குவது சிலருக்குச் சாத்தியம் என்பது நிரூபணமாகியிருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காதவர்களை, மருத்துவக் கண்காணிப்பில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு 850 கலோரி அளவிலான திரவ உணவில் வைத்தார்கள். ஒரு வருடத்தில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமல் இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். இரண்டாம் வருட முடிவில் 36 விழுக்காடு. எடை குறைந்த அளவுக்குப் பலன் நின்றது. சோதனை, கண்காணிப்பு, படிப்படியான மாற்றம் என்று கட்டுக்கோப்பாக நடந்த காரியம் அது. சந்தையில் வாங்கிய கஷாயப் பொடியை நம்பி இன்சுலினை நிறுத்துவது அதற்கு நேர் எதிர். அப்படி நிறுத்தியவர்கள் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுவதை எல்லா மருத்துவமனைகளும் பார்த்திருக்கின்றன.

பணக் கணக்கைத் தொடாமல் தட்டைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய திட்டம் அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கார்டுக்கு ஒரு கிலோ கிடைக்கிறது. இருபது கிலோ அரிசிக்கு ஒரு கிலோ பருப்பு என்றால் தட்டும் அந்த விகிதத்தில்தான் நிறையும். கேரளப் பக்கம் சப்ளைகோவின் மாவேலிக் கடைகளில் மானிய விலைக்குரிய 13 பொருள்களில் சிறுபயறு, கடலை, வன்பயறு, உளுந்து, துவரம்பருப்பு எல்லாம் உண்டு. தமிழக ரேஷனிலும் சிறுபயறும் கொண்டைக்கடலையும் சேர்ந்து, விரும்புகிறவர் அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாக அவற்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தால், ஆயிரம் விழிப்புணர்வு நோட்டீஸ்களை விட அது அதிகம் சாதிக்கும்.

இரு அரசுகளும் சும்மா இல்லை. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 'சைலி' செயலியோடு வீடு வீடாகப் போய் முப்பது வயது கடந்தவர்களின் விவரங்களைப் பதிகிறார்கள். இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் எல்லைக் கிராமத்துக்காரர் காய்ச்சலுக்கு ஒரு பக்கமும் சுகருக்கு மறுபக்கமும் போகிறவர். குழித்துறை அரசு மருத்துவமனை, பாறசாலை தாலுகா மருத்துவமனை, காரக்கோணம் மருத்துவக் கல்லூரி என்று அவசரமும் வசதியும் எங்கே இழுக்கிறதோ அங்கே. ஒரு மாநிலத்துப் பதிவேடு மறு மாநிலத்து டாக்டரின் மேசைக்கு வருவதில்லை. தன் பழைய சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்து, எந்தப் பக்கம் போனாலும் கையில் கொண்டுபோவதே இப்போதைக்கு ஒரே வழி.

இவ்விரு திட்டங்களும் விட்டுவைத்திருக்கும் வேலையைத்தான் நெய்யாற்றின்கரைக் குழுக்கள் தொட்டன. கேரளத்தின் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களும் குமரி மாவட்டத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களும் ஏற்கெனவே கூடுகின்றன. கடன் கணக்கு பார்க்கின்றன. அந்தக் கூட்டத்தில் மாதம் அரைமணி நேரம் தட்டைப் பற்றிய பேச்சுக்கு ஒதுக்க ஒரு அரசாணையும் இரண்டு நாள் பயிற்சியும் போதும். ஆண்களுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை என்பது குறை; வாசகசாலையும் ஆட்டோ ஸ்டாண்டும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கமும் அதற்கு இடம் தரலாம். இரு மாவட்ட ஆட்சியர்களும் பேசி, எல்லையோர ஊராட்சிகளில் முதலில் இதைத் தொடங்க வேண்டும். அறிவியல் சான்று இங்கேயே பிறந்திருக்கிறது; அதை இங்கேயே பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீண்.

அதுவரை வாசகர் காத்திருக்க வேண்டாம். டெய்லர் டேப் ஒன்றை எடுத்து இன்றே ஒரு கணக்குப் போடலாம். நெய்யாற்றின்கரை ஆய்வுக்கு ஆளெடுத்ததும் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 2005இல் உருவாக்கிய இதே கணக்கை வைத்துத்தான். வயது 35க்குக் கீழ் என்றால் சுழியம், 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. எட்டாவிட்டால் சுழியம், அதிலிருந்து பத்து செ.மீ.க்குள் 10; அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் இரண்டும் உண்டென்றால் சுழியம், ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டி 60 அல்லது அதற்கு மேல் வந்தால், இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தாமல் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரச் சோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அதே மதிப்பெண் வந்த பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.